‘கும்புட்டுப்போட்டு வர்றமுங்க’: கொங்கு வழக்கில் ‘போடு’ என்னும் துணைவினை

கேள்வி

காரமடை அரங்கநாதர் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு பெரியவர் தெரிந்தவரிடம், “சாமி கும்புட்டுப்போட்டு வர்றமுங்க” என்கிறார். சற்றுத் தள்ளி ஒரு தாய் மடியிலிருக்கும் குழந்தையிடம், “பாலைக் குடிச்சுப்போடு சாமி” என்று கெஞ்சுகிறாள். இரண்டும் மேட்டுப்பாளையம் சாலையில் எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் காதில் விழக்கூடிய வாக்கியங்கள். இரண்டிலும் ‘போடு’ என்னும் வினை தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு முன்னால் உள்ள வினைக்குத் துணையாக நிற்கிறது. எதையும் எங்கும் போடவில்லை. செயல் முடிந்தது, அல்லது முடிய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

தற்காலத் தமிழ் இலக்கண விளக்கங்களைப் புரட்டினால் இந்தத் துணைவினைக்கு வேறொரு பொருளே முதன்மையாகத் தரப்பட்டிருக்கும். அமெரிக்க மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மேன் பேச்சுத்தமிழின் துணைவினைகளை வகைப்படுத்தும்போது ‘போடு’ என்பதைத் தீய நோக்கத்தைக் காட்டுவதாகக் கொள்கிறார். ‘உடைத்துப்போட்டான்’, ‘கொன்றுபோட்டான்’ போன்றவை அந்த வகைக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகள். பேசுபவரின் வெறுப்பு, அலட்சியம், செய்தவரின் வன்மம் ஆகியவற்றோடு இத்துணைவினையை இணைத்துப் பார்ப்பது மாணவர் கையேடுகள் வரை பரவியிருக்கிறது.

இறைவனை வணங்கியதைச் சொல்லும் வாக்கியத்தில் வன்மம் எங்கே இருக்கிறது? குழந்தையைக் கொஞ்சும் தாயின் சொல்லில் அலட்சியம் எங்கே? இலக்கண விளக்கம் பிழையா, கொங்கு வழக்கு விதிவிலக்கா, அல்லது ஒரு துணைவினையின் பொருளை நாம் தேடும் இடமே தவறா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

சிறு வினையொன்று இன்னொரு சிறு சொல்லோடு சேர்ந்து எதிர்பாராத பொருள்களைப் பெறுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் ‘புட்’ என்னும் வினை ‘ஆஃப்’ என்பதோடு சேர்ந்தால் ஒத்திவைத்தல், ‘அவுட்’ என்பதோடு சேர்ந்தால் விளக்கை அணைத்தல், ‘ஆன்’ என்பதோடு சேர்ந்தால் உடுத்தல். ‘புட் அப்’ என்பதற்குக் கட்டி எழுப்புதல், விருந்தினரைத் தங்கவைத்தல், வேட்பாளரை நிறுத்துதல் எனப் பல பொருள்கள். ‘வித்’ என்ற ஒரு சொல் மேலும் சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில், அயல்மொழியினருக்கு மிகுந்த தொல்லை தருபவை இவ்வகைச் சேர்க்கைகளே என்று குறிப்பிட்டு, அவற்றைத் தாம் அக்கறையோடு தொகுத்ததாகவும் எழுதினார். இவற்றைக் குறிக்கும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்னும் பெயரைப் பரவலாக்கியது லோகன் பியர்சால் ஸ்மித்தின் 1925ஆம் ஆண்டு நூல். பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பொருள் இருந்தது. மக்கள் நாவில் புழங்கியது. இலக்கணம்தான் பிந்தி வந்தது.

இரு மொழிகளுக்கும் அமைப்பு வேறு. ஆங்கிலத்தில் முதலில் வினை, பிறகு திசையையோ இடத்தையோ குறிக்கும் இடைச்சொல். தமிழில் முதலில் வினையெச்சம், பிறகு இன்னொரு முழு வினை. ஆனால் ஒரு சிக்கல் பொதுவானது: சேர்க்கையின் பொருளை அதன் உறுப்புகளிலிருந்து கூட்டிப் பெற முடிவதில்லை. இன்னொன்றும் பொதுவானது. ஆங்கிலத்தில் இத்தகைய சேர்க்கைகள் வீட்டுப் பேச்சுக்கு உரியனவாகவும், அவற்றுக்கு ஈடான லத்தீன் வழிச் சொற்கள் அலுவலகத்துக்கும் ஏட்டுக்கும் உரியனவாகவும் பிரிந்து நிற்கின்றன. தமிழில் ‘போடு’ அப்படியே நிற்கிறது.

‘போடு’ – ‘இடு’: பேச்சும் எழுத்தும்

துணைவினைக்கு வருமுன் தலைமை வினையான ‘போடு’ என்பதன் பரப்பைப் பார்க்க வேண்டும். சட்டை போடுகிறோம், பாய் போடுகிறோம், டீ போடுகிறோம், ஊசி போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், கோழி முட்டை போடுகிறது, வாத்தியார் மார்க் போடுகிறார், இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். கொங்குப் பகுதியின் வேளாண்மையில் இதன் ஆட்சி இன்னும் அகலம். சோளம் ‘போட்டிருக்கறோம்’ என்றால் விதைத்திருக்கிறோம். காட்டில் ஆட்டுப்பட்டி ‘போடுவது’ மண்ணுக்கு எரு சேர்ப்பதற்காக. ‘போர் போட்டாச்சுங்களா?’ என்ற கேள்விக்கு அறுவடைக் காலமென்றால் சோளத்தட்டைப் போராக அடுக்கியாயிற்றா என்று பொருள். கிணறு வற்றிய கோடையென்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டியாயிற்றா என்று பொருள். கேட்பவரும் கேட்கப்படுபவரும் பருவத்தை வைத்தே புரிந்துகொள்கிறார்கள். இதுவரை யாரும் தடுமாறியதாகத் தெரியவில்லை.

இந்தப் பொருள்களுக்கெல்லாம் இணைச்சொல் தேடினால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. முட்டை போடு – முட்டையிடு. சண்டை போடு – சண்டையிடு. திட்டம் போடு – திட்டமிடு. கணக்குப் போடு – கணக்கிடு. கூச்சல் போடு – கூச்சலிடு. கையெழுத்துப் போடு – கையெழுத்திடு. உரம் போடு – உரமிடு. பேச்சில் ‘போடு’ வரும் இடங்கள் பலவற்றில் எழுத்து ‘இடு’ என்கிறது. சங்க காலம் முதல் எழுத்தில் வேரூன்றியிருக்கும் வினை ‘இடு’. பிற்காலத்தில் பேச்சில் ‘போடு’ அதன் இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது; எழுத்து பழைய வினையை விடவில்லை. ‘ஓட்டுப் போடு’ என்பதற்கு ‘வாக்களி’, ‘டீ போடு’ என்பதற்குத் ‘தேநீர் தயாரி’ என வேறு வழியில் போனவையும் உண்டு. எனினும் ‘போடு – இடு’ இணை பெருவழக்கு. இந்த இணை பின்னால் மலையாளத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

சொல்லின் பிறப்பையும் இங்கே தொட வேண்டும். ‘போடு’ என்பது ‘போகடு’ என்பதன் திரிபு என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. போகச் செய்தல், நீக்குதல், கைவிடுதல் என்பன அதன் பொருள். வைணவ வியாக்கியானங்களில் ‘பொகடு’, ‘பொகட்டு’ என்னும் வடிவங்கள் இப்பொருளில் வருகின்றன. இதை ஏற்றால் ‘போடு’ பிறப்பிலேயே ‘விடு’ என்பதற்கு நெருங்கிய உறவு. ஒன்று போகச் செய்வது, மற்றொன்று போக விடுவது. இரண்டும் துணைவினையாகி முடிவைக் குறிக்கும் பணிக்கு வந்தது தற்செயலன்று. ‘எறிதல்’ என்ற பொருளிலிருந்து ‘வன்மத்தோடு எறிதல்’, அதிலிருந்து ‘தீய நோக்கம்’ என்று கிளைப்பது ஒரு பாதை. ‘போகச் செய்தல்’ என்பதிலிருந்து ‘செய்து கழித்தல்’, அதிலிருந்து ‘முடித்தல்’ என்று செல்வது மற்றொரு பாதை. முதல் பாதையை மட்டுமே கண்ட விளக்கங்கள் நம்மிடம் மிகுதி.

இதுவரை உள்ள புரிதல்

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலும் நன்னூலிலும் துணைவினைக்கெனத் தனி இயல் கிடையாது. இரண்டு வினைகள் சேர்ந்து ஒரே பொருள் தருமிடங்களை உரையாசிரியர்கள் ‘ஒருசொல் நீர்மை’ என்று சொல்லிக் கடந்தார்கள். நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்பது கொங்கு மக்களின் நெடுநாள் நம்பிக்கை. அவர் காலத்து ஊர்ப்பேச்சில் ‘போட்டு’ இருந்ததா என்பதற்கு அவர் நூலில் சான்று தேட முடியாது. அவர் எழுதியது செந்தமிழின் இலக்கணம். பேச்சு அவர் எல்லைக்கு வெளியே இருந்தது. பேச்சைத் தனியே இலக்கணப்படுத்தும் முயற்சி 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தில் தெளிவாகத் தொடங்கியது. அயல்நாட்டுத் துறவிகள் மக்களோடு பேசியாக வேண்டும் என்ற தேவைதான் அதற்குக் காரணம்.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் துணைவினை ஆய்வு செழித்தது. மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இ. அண்ணாமலை வினை விரிவாக்கம் குறித்து 1985இல் தனிநூல் வெளியிட்டார். தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணம் 1989இல் வந்தது. ஷிஃப்மேனின் பேச்சுத்தமிழ் இலக்கணம் 1979இலும், அதன் விரிந்த வடிவமான பார்வை இலக்கணம் 1999இலும் வெளிவந்தன. சான்ஃபோர்டு ஸ்டீவர் தமிழ்த் துணைவினை அமைப்பைப் பற்றி மட்டுமே 2005இல் ஒரு நூல் எழுதினார். இந்த ஆய்வுகள் தமிழுக்குப் பெருங்கொடை. ‘கொள்’, ‘விடு’, ‘வை’, ‘தொலை’, ‘தள்ளு’ போன்ற துணைவினைகள் காலத்தைச் சொல்வதோடு நில்லாமல் பேசுபவரின் மனநிலையையும் சொல்கின்றன என்ற உண்மையை இவைதான் நிலைநிறுத்தின.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்வாய்வுகளின் தரவு எங்கிருந்து வந்தது? ஷிஃப்மேன் தம் இலக்கணத்தின் அடிப்படை பற்றி வெளிப்படையாகவே எழுதியவர். படித்தவர்கள் வெவ்வேறு ஊர்க்காரரோடு பேசும்போது கைக்கொள்ளும் பொதுப் பேச்சுத்தமிழ் ஒன்று உருவாகியிருக்கிறது, அதையே விளக்குகிறேன் என்பது அவர் நிலைப்பாடு. வானொலி நாடகமும் திரைப்படமும் வளர்த்த அந்தப் பேச்சு நடு மாவட்டங்களின் வழக்கை ஒட்டியது. அதில் முடிவைக் குறிக்கும் இயல்பான துணைவினை ‘விடு’. ‘சாப்பிட்டுட்டு வர்றேன்’, ‘சொல்லிட்டேன்’. அந்த வழக்கில் ‘போடு’ அரிதாக, தேர்ந்தெடுத்து வருவது. அதற்குச் சொல்லப்பட்ட பொருள் அந்த வழக்குக்குச் சரியே. அதைத் தமிழ் முழுமைக்கும் விரித்தபோதுதான் கொங்கு மண் விடுபட்டுப்போனது.

கொங்கு வழக்கில் ‘போட்டு’

இப்பகுதியில் இத்துணைவினை வரும் இடங்கள் இரண்டு. முதலாவது, அடுத்தடுத்த செயல்களைக் கோக்கும் இடம்: “தோட்டத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டு வர்றனுங்க”, “பையனப் பள்ளிக்கூடத்துல உட்டுப்போட்டுக் கடைக்குப் போறன்”, “பந்த சேவை முடிச்சுப்போட்டு ஊட்டுக்குப் போலாமுங்க”. கடைசி வாக்கியம் மாசித் தேர்த்திருவிழாவில் பந்தம் ஏந்தி நேர்த்திக்கடன் செலுத்துவோர் வாயில் வருவது. பந்த சேவையும் தண்ணீர் சேவையும் கவாள சேவையும் காரமடைக் கோயிலின் தனிச்சிறப்பு. அவற்றைச் செய்வோர் பக்தியின் உச்சத்தில் இருப்பவர்கள். அங்கே ‘போட்டு’ வருகிறது என்பதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, வாக்கியத்தை முடிக்கும் இடம்: “கருவேப்பிலைக் கட்டெல்லாம் வண்டியில ஏத்திப்போட்டாங்க”, “சாவிய எங்கியோ மறந்துபோட்டனுங்க”, “நேத்தே சொல்லிப்போட்டனே”. ‘மறந்துபோட்டேன்’ கவனிக்கத் தக்கது. மறப்பவர் மறக்க வேண்டுமென்று எண்ணி மறப்பதில்லை. நோக்கமே இல்லாத ஒரு நிகழ்வில் தீய நோக்கம் இருக்க வழியில்லை. “அசந்து தூங்கிப்போட்டன்” என்பதும் அப்படியே. இது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘போடு’ செயப்படுபொருள் கொள்ளும் வினைகளோடுதான் சேரும் என்ற பொது விளக்கமும் இங்கே பொருந்தவில்லை.

‘உட்டுப்போட்டு’ என்ற வடிவத்தில் சற்று நிற்க வேண்டும். பொதுப் பேச்சில் இதற்கு ஈடு ‘விட்டுட்டு’, எழுத்தில் ‘விட்டுவிட்டு’. அங்கே தலைமை வினையும் ‘விடு’, துணைவினையும் ‘விடு’. கொங்கில் தலைமை வினை ‘விடு’ என்றால் துணைக்கு வருவது ‘போடு’. இங்கே ‘போடு’ எதையும் எறியவில்லை; குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் பத்திரமாக விட்டதைத்தான் சொல்கிறது. சிலர் “சட்டையப் போட்டுப்போட்டு வர்றன்” என்றும், வேறு சிலர் “போட்டுட்டு வர்றன்” என்றும் சொல்வதுண்டு. ஒரே வினை முதலில் சொந்தப் பொருளோடும் அடுத்துப் பொருளிழந்தும் அடுத்தடுத்து நிற்க முடிகிறது என்றால், இரண்டாவது முற்றிலும் இலக்கண உருபாகிவிட்டது என்று பொருள்.

எல்லா இடத்தையும் ‘போடு’ பிடித்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. அஃறிணை எழுவாய் வரும்போது கொங்குப் பேச்சும் ‘விடு’, ‘போ’ பக்கமே சாய்கிறது: “மழை பேஞ்சிருச்சு”, “கரண்டு போயிருச்சு”, “பால் திரிஞ்சுபோச்சு”. ஆனால் அதே மழை ஒன்றுக்குக் கேடு செய்ததாகச் சொன்னால் “வெள்ளாமையெல்லாம் கெடுத்துப்போடுச்சு” என்பது இயல்பு. ஆக, ‘போடு’ வருவதற்குச் செய்பவர் ஒருவர், அல்லது செய்பவராகக் கருதத்தக்க ஒன்று வேண்டும். விருப்பம் வேண்டியதில்லை, வன்மம் வேண்டவே வேண்டாம். கொங்கு வழக்கின் எல்லைக்கோடு இதுதான் என்பது என் கணிப்பு. ‘வந்துட்டனுங்க’ போன்ற ‘விடு’ வடிவங்களும் உடன் வழங்குகின்றன. பலருக்கு இரண்டும் கைவசம் உண்டு, பொருள் வேறுபாடு இல்லாமல்.

வன்மம் எங்கிருந்து வருகிறது?

கொங்கிலும் “அடிச்சுப்போட்டான்”, “கொன்னுபோடுவன்” என்று சொல்கிறார்கள். அங்கே வன்மம் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ‘போடு’ என்பதை எடுத்துவிட்டு ‘விடு’ வைத்துப் பார்க்க வேண்டும்: “கொன்னுடுவேன்”. அச்சுறுத்தல் ஓர் அணுவும் குறையவில்லை. வன்மம் ‘கொல்’ என்னும் வினையிலிருந்தும் குரலிலிருந்தும் வருவது; துணைவினை அதற்குப் பொறுப்பன்று.

மறுதலையாக, ‘கும்பிடு’ என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். நடு மாவட்டத்தார் ஒருவர் “சாமி கும்பிட்டுட்டு வந்தேன்” என்பார். அவரே “கும்பிட்டுப்போட்டு வந்தேன்” என்று சொன்னால், ஏதோ கடமைக்குச் செய்ததுபோல் அவர் ஊர்க்காரருக்கு ஒலிக்கலாம். காரமடையில் அதே வாக்கியம் பயபக்தியோடு ஒலிக்கிறது. சொல் ஒன்று, வினை ஒன்று, செயல் ஒன்று. பொருள் மட்டும் இரண்டு. வேறுபடுவது சுற்றியுள்ள அமைப்பு. எந்த வழக்கில் ‘விடு’ என்னும் பொதுவான துணைவினை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பேசுபவர் அதை விலக்கி ‘போடு’ என்பதைத் தேர்கிறாரோ, அங்கே கேட்பவர் காரணம் தேடுகிறார். அலட்சியமோ கோபமோ என்று முடிவுசெய்கிறார். எந்த வழக்கில் ‘போடு’ தானே பொதுவானதோ அங்கே தேட ஒன்றும் இல்லை. துணைவினையின் மனநிலைப் பொருள் அந்தச் சொல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பதன்று; அவ்வழக்கில் அதற்கு மாற்றாக என்ன இருக்கிறது என்பதிலிருந்து பிறப்பது.

கொங்கு மக்கள் வெறுப்பைக் காட்ட வழியில்லாமல் தவிக்கவில்லை. “வந்து தொலையறான்”, “படிச்சுக் கிழிச்சான்” என்று ‘தொலை’, ‘கிழி’ போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. ‘போடு’ பொதுப்பணிக்குப் போனதும் மனக்கசப்பின் சுமையை மற்றவை ஏற்றுக்கொண்டன.

மரியாதை விகுதியும் ஒரு சான்று. ‘-ங்க’ கொங்குப் பேச்சின் உயிர். ‘சொல்லிப்போட்டனுங்க’, ‘முடிச்சுப்போட்டமுங்க’ என்று அது ‘போடு’ வடிவங்களின் மீது தடையின்றி ஏறுகிறது. இழிவுக்குறிப்பு உள்ள ‘தொலை’ மீது அதே மரியாதை எளிதில் ஒட்டுவதில்லை. பெரியவரிடம் “வந்து தொலைஞ்சமுங்க” என்று யாரும் சொல்லத் துணிவதில்லை.

அண்டை மொழிகளும் யாழ்ப்பாணமும்

கொங்கில் மட்டும் இது ஏன் நேர்ந்தது? அண்டை மொழிகளின் தாக்கம் என்பது முதலில் தோன்றும் விடை. கோவை மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகக் கொண்ட குடிகள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாளம் கூப்பிடு தூரத்தில்.

தெலுங்கில் முடிவைக் குறிக்கும் துணைவினை ‘வேயு’. எறி, போடு என்பதே அதன் நேர்ப்பொருள். ‘சேசி’ என்பதோடு ‘வேசானு’ சேர்ந்து ‘சேசேசானு’ ஆகிறது. ‘செய்துவிட்டேன்’ என்று பொருள். வன்மம் துளியும் இல்லை. மலையாளத்தில் ‘குளிச்சிட்டு வராம்’ என்பதில் உள்ள ‘இட்டு’, ‘இடு’ என்னும் வினையின் எச்சம். தமிழ்ப் பேச்சில் ‘போடு’ ஏறி அமர்ந்த அதே ‘இடு’தான். கன்னடம் வேறு பக்கம் நிற்கிறது. அங்கே பொதுவான துணைவினை ‘பிடு’. நம் ‘விடு’வின் உடன்பிறப்பு. ‘ஹாகு’ என்னும் போடுதல் வினை துணையாக வரும்போது ‘கொந்துஹாகித’ என்பதுபோல வேகமும் கடுமையும் சேர்கின்றன. நடு மாவட்டத் தமிழின் அமைப்பும் கன்னடத்தின் அமைப்பும் இதில் ஒத்துப்போகின்றன. கொங்குத் தமிழ் தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் பக்கம் இருக்கிறது.

இதை வைத்துத் தெலுங்குத் தாக்கம் என்று முடித்துவிடலாமா? யாழ்ப்பாணம் குறுக்கே நிற்கிறது. “சாப்பிட்டுப்போட்டு வாறன்”, “குளிச்சுப்போட்டு வாறன்”, “எழுதிப்போட்டன்” என்பவை யாழ்ப்பாணத்தாரின் அன்றாடப் பேச்சு. வன்மம் இல்லாத, வெறும் முடிவைக் குறிக்கும் ‘போட்டு’ அங்கேயும் பொதுவழக்கு. கொங்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கடலும் நடு மாவட்டங்கள் அனைத்தும் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் இல்லை. ஆகவே தெலுங்குத் தொடர்பு கொங்கில் இவ்வழக்குக்கு ஊட்டம் தந்திருக்கலாம், விதை அதுவன்று. ‘போகடு’ என்பதிலிருந்து முடிவுப் பொருளுக்குச் செல்லும் பாதை தமிழுக்குள்ளேயே இருந்தது. இரண்டு ஓரங்களில் அது பொதுவழியாக அகன்றது. நடுவில் ‘விடு’ முந்திக்கொண்டதால் ‘போடு’ ஒற்றையடிப் பாதையாக ஒதுங்கி மனநிலைப் பொருள் பெற்றது. இதுவே சான்றுகளுக்கு மிகவும் பொருந்தும் விளக்கம் என்று கருதுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. யாழ்ப்பாணத்தார் விடைபெறும்போது சொல்லும் “போட்டு வாறன்” என்பதை இதற்குச் சான்றாகக் காட்டக் கூடாது. அது ‘போய்விட்டு’ என்பதன் சுருக்கமாகவே இருக்கக்கூடும். அதேபோல் தஞ்சை, மதுரைப் பக்கங்களில் கேட்கும் ‘சொல்லிப்புட்டேன்’, ‘வந்துபுட்டான்’ என்பவற்றின் ‘புடு’, ‘விடு’விலிருந்து வந்ததா ‘போடு’விலிருந்து வந்ததா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. பேச்சில் உகரத்தை அடுத்து வகரம் பகரமாவது ஒரு வாய்ப்பு. ‘போட்டு’வின் ஓகாரம் குறுகி உகரமாவது மறு வாய்ப்பு. ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எந்த எழுவாயோடு, எந்த வினையோடு வருகிறது என்பதைத் தொகுத்த பிறகே சொல்ல வேண்டும்.

தொகுப்புகள் தவறவிடுவது

கொங்கு வழக்கைப் பதிவுசெய்வதில் இலக்கியம் ஆய்வுக்கு முன்னே சென்றது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இலேயே கொங்குச் சிற்றூர்ப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்த அகராதிப் பணியைப் பின்தொடர்ந்து பெருமாள்முருகன் 2000இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைத் தந்தார். எழுத்து வழக்குக்கு 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் அதன் பின்வந்த விரிவான பதிப்புகளும் துணைவினைகளைத் தனித் தலைப்பாகப் பிரித்துக் காட்டும் நெறியை நிலைநாட்டின. இவை ஒவ்வொன்றும் பல ஆண்டு உழைப்பு.

எனினும் வட்டாரத் தொகுப்புகளின் கண் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள் மேல்தான் விழுகிறது. கருவிகள், பயிர்கள், உறவுமுறைகள், தின்பண்டங்கள் ஆகியவை வெளியூராருக்குப் புரியாத சொற்கள். அதனால் கண்ணில் படுகின்றன. ‘போட்டு’ எல்லோருக்கும் புரியும் சொல். அதனாலேயே யாரும் குறித்துக்கொள்வதில்லை. ஒரு வழக்கின் தனித்தன்மை அதன் அரிய சொற்களில் இருப்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்த சொற்களை அது எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. கவலை ஏற்றம் போனால் அதன் உறுப்புகளின் பெயர்களும் போய்விடும். துணைவினை அப்படிப் போகாது. ஒருநாளில் பலமுறை நாவில் வருவது. ஆனால் மெல்ல மாறும். தொலைக்காட்சியும் நகரப் பேச்சும் சூழ வளரும் பிள்ளைகளின் வாயில் ‘சாப்ட்டுட்டு’ பெருகிவருவதைக் கோவைப் பெற்றோர் பலர் கவனித்திருப்பார்கள். ‘விடு’ பொதுவாகி ‘போடு’ அருகினால், மேலே சொன்ன விதிப்படி, கொங்கிலும் ஒருநாள் ‘போடு’ அலட்சியப் பொருள் பெறக்கூடும். அப்போது பாட்டியின் “குடிச்சுப்போடு சாமி” பேரனுக்குக் கடுஞ்சொல்லாகக் கேட்கும். இந்த மாற்றம் நம் கண்ணெதிரே நிகழக்கூடியது. ஆய்வாளர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு எளிதில் அமையாது.

வகுப்பறையிலும் இதற்கு விளைவு உண்டு. “குளித்துப்போட்டு வந்தேன்” என்று கட்டுரையில் எழுதும் கொங்கு மாணவரின் சொல்லை ஆசிரியர் அடித்துத் திருத்துகிறார். எழுத்துத் தமிழின் மரபு ‘விட்டு’ என்பதால் திருத்துவது சரி. ஆனால் அது கொச்சை, பிழை, மரியாதைக் குறைவு என்று சொல்வது உண்மைக்கு மாறானது. ஆங்கில வகுப்பில் ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு என்று மனப்பாடம் செய்விக்கும் நாம், ‘தள்ளிப்போடு’ என்பதற்குள் உள்ள ‘போடு’ என்ன செய்கிறது என்று ஒருமுறையும் கேட்பதில்லை. “கல்யாணத்தத் தள்ளிப்போட்டாங்க” என்பதில் அது நிலைத்த கூட்டுவினையின் உறுப்பு. நீக்கினால் பொருளே மாறும். “நின்னுபோன வண்டியத் தள்ளிப்போட்டு வந்தாங்க” என்பதில் அது துணைவினை. ‘தள்ளிட்டு’ என்று மாற்றினாலும் பொருள் மாறாது. இந்த ஒரு சோதனையை ஒன்பதாம் வகுப்பு மாணவர் தம் வீட்டுப் பேச்சிலேயே செய்துபார்க்கலாம்.

இனி வரும் இலக்கண நூல்களும் அகராதிகளும் ‘போடு’ என்னும் துணைவினைக்கு ‘வெறுப்பு, அலட்சியம்’ என்று பொதுக்குறிப்பு எழுதுவதை நிறுத்த வேண்டும். அக்குறிப்பு எந்த வட்டாரத்துக்கு உரியது என்பதைச் சொல்ல வேண்டும்; கொங்கிலும் யாழ்ப்பாணத்திலும் அது வெறும் முடிவுப் பொருளில் வருவதை அதற்கு முன்னால் வைக்க வேண்டும். கோவைப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, ‘போட்டு’ வரும் வாக்கியங்களைச் சொன்னவரின் வயது, கேட்டவரின் உறவு, சூழல் ஆகியவற்றோடு எழுதிவரச் செய்யலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். மூத்த தலைமுறை நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.